மக்ரூன் கரையும் நேரம்

கேள்வி கேட்டாயிற்று. கேட்டவர் சென்னையிலிருந்து வந்திருக்கும் வெளித்தேர்வாளர் ரகோத்தமன் சார். கேட்ட பாஷை ஸ்பானிஷ். பதில் சொல்ல வேண்டியவள் மூன்றாம் வருஷத்துப் பிரம்மசக்தி. இதில் பிலோமினா கொரைரா மிஸ்ஸுக்கு ஒரு சோலியும் கிடையாது. உள்தேர்வாளர் என்ற பேரில் சாருக்குப் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சும்மா இருப்பதே சுகம் என்பார்கள். அந்தச் சுகத்தைத் தனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோதே சாமியார் கொடுக்க மறந்துவிட்டார் என்று அவளே சொல்லிச் சிரிப்பதுண்டு. ஊரில் எவர் எவரிடம் என்ன கேட்டாலும் பதில் இவள் நாக்கு நுனிக்கு வந்து நிற்கும். இப்போதும் வந்து நிற்கிறது. ‘இந்தக் கதையில் வரும் இரண்டு சகோதரிகளில் நியாயம் யார் பக்கம்?’ என்று சார் கேட்டு முடிப்பதற்குள் ‘மூத்தவள் பக்கம், ஏனென்றால்’ என்று தொண்டைவரைக்கும் ஏறிவிட்டது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள். விழுங்கினது இறங்காமல் மீன்முள் மாதிரி அங்கேயே குத்திக்கொண்டு நின்றது. சொல்லிரும்மா, சொல்லிரு, எத்தனை தடவை சொல்லியிருக்கோம், நேத்துகூட சொன்னோமே, ‘லா மயோர்’, மூத்தவ, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லு, மிச்சம் தானா வரும். பிரம்மசக்தி சொல்லவில்லை. எதிரே முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து, மடியில் கைக்குட்டையை நாலாக மடித்துப் பிடித்துக்கொண்டு, பார்த்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் முனகியது. எண்ணெய் விடச் சொல்லிப் பொங்கலுக்கு முன்னாலேயே ஆபீசில் சொன்னதுதான், விட்டபாடில்லை.

பரவாயில்லை, யோசிக்கிறாள், யோசிக்கட்டும், இப்போதுதானே கேட்டார் என்று பிலோமினா தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டாள். சார் நல்ல மனுஷர். காலையிலிருந்து பிள்ளைகளிடம் முகம் சுளிக்கவில்லை. பயந்து உளறினவனிடம்கூட மெதுவாகச் சொல் தம்பி என்று ஸ்பானிஷில் சொல்லிச் சிரித்தார். தன்மையான குரல், கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல். மேசையில் அவருக்கென்று தட்டில் மக்ரூன் வைத்திருக்கிறது. வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்தால் மக்ரூன் வைப்பது இந்தத் துறையில் எழுதாத சட்டம். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும் சேர்ந்த அந்தக் கூம்பைத் தூத்துக்குடிக்கு வந்து தின்னாமல் போனவன் பாவி என்று அவள் வீட்டுக்காரர் ஜெரால்டு சொல்வார். சார் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டுக் கண்ணை மூடினார், அப்போதே இவருக்கு நம்ம பிள்ளைகளைப் பிடித்துப்போகும் என்று பிலோமினாவுக்குத் தோன்றிவிட்டது. எல்லோரும் நன்றாகத்தான் செய்தார்கள். இது ஒன்றுதான் பாக்கி. இந்த ஒன்றுதான் தேறியே ஆகவேண்டியது. ஏனென்றால் மற்றவர்கள் எல்லாம் இந்த ஸ்பானிஷை மூட்டை கட்டி வைத்துவிட்டு கப்பல் ஏஜெண்ட் ஆபீசுக்கோ பேங்க் பரீட்சைக்கோ போகிறவர்கள். பிரம்மசக்திக்கு ஹைதராபாத்தில் எம்.ஏ. ஸ்பானிஷுக்கு இடம் கிடைத்திருக்கிறது. எழுத்துத் தேர்வில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வாய்மொழித் தேர்வில் தனியாகத் தேறினால்தான் டிகிரி, டிகிரி இருந்தால்தான் ஹைதராபாத். இன்றைக்கு வாயைத் திறக்காமல் எழுந்து போனாள் என்றால் வீட்டில் சங்கதி முடிந்தது. லாரி ஓட்டுகிற அப்பா மகளை அனுப்பத் தயார்தான், தாய்மாமாதான் தன் மகனுக்குக் கட்டிவைக்கக் காத்துக்கொண்டிருக்கிறார். பிள்ளைக்கு வாயே வரலியாமே, பொறவு என்ன படிப்பு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அப்பா அதற்கு என்ன பதில் சொல்வார். இதையெல்லாம் பிரம்மசக்தி ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் சிநேகிதிகள் சொன்னது. அவளைப் பற்றிய எல்லாமே அடுத்தவர்கள் சொன்னதுதான்.

அவள் ஊமையில்லை. அதைத்தான் பிலோமினா ஸ்டாஃப் ரூமில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். வகுப்பு மொத்தமும் சேர்ந்து சொல்லும்போது அவள் குரல்தான் கணீரென்று முன்னால் நிற்கும். ‘நான் சொல்லுதேன், பின்னாலயே சொல்லுங்க’ என்று பிலோமினா கையைத் தூக்கினால் போதும், மணி அடித்த மாதிரி வகுப்பே திருப்பிச் சொல்லும். பக்கத்து வகுப்பு வணிகவியல்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். கோயில்ல ஜெபமாலை சொல்ற மாதிரில்லா இருக்கு உங்க கிளாஸ் என்று பொருளாதாரத்து அருளானந்தம் கிண்டல் செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். பிலோமினா டெல்லியில் ஸ்பானிஷ் படித்தது அப்படித்தான். பனியில் விரல் மரத்துப்போன காலை வேளைகளில், சப்பாத்தி தொண்டையில் இறங்காத அந்த ஹாஸ்டலில் இருந்து ஓடி வந்து உட்கார்ந்து, புரொஃபசரம்மா ஒரு வரி சொல்ல, இவர்கள் ஒரு வரி சொல்ல, சொல்லிச் சொல்லியே வாய்க்குள் ஒரு வீடு கட்டிக்கொண்டாள். இந்தியும் தெரியாமல் இங்கிலீஷும் திக்கித் திணறுகிற கடற்கரைப் பிள்ளைக்கு அந்த ஊரில் கூச்சமில்லாமல் பேச வந்த பாஷை அது ஒன்றுதான். அதுவும் பேரில் ஒரு கொரைரா ஒட்டிக்கொண்டிருந்ததா, உனக்கு ஸ்பெயினில் சொந்தக்காரர்கள் உண்டா என்று கேட்காதவன் பாக்கியில்லை. எங்க சொந்தக்காரங்க எல்லாம் தூத்துக்குடி இனிகோ நகர்ல வலை பின்னிக்கிட்டு இருக்காங்க என்பாள். அது போர்த்துக்கீசியப் பேருடா, பூட்டனுக்குப் பூட்டன் ஞானஸ்நானத்தில் வாங்கினது, வாங்கினதோடு சரி, அந்த ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் கல்லூரியில் ஸ்பானிஷ் வேலைக்கு நேர்காணல் வந்தபோது முதல்வர் அந்தப் பேரை வாய்விட்டு வாசித்துத் தலையை ஆட்டினாரே, அது உதவவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். பேர் கொடுத்த வேலையை வாய் காப்பாற்றியது. போன வருஷம் வலென்சியா துறைமுகத்திலிருந்து பழைய மாணவன் போஸ்கோ போன் பண்ணினான், மிஸ், இங்க ஒரு கிழவன் நான் பேசினதைக் கேட்டுட்டு நீ எந்த ஊருப்பான்னு கேக்கான், இப்படி ஒரு ராகம் ஸ்பெயின்ல எங்கயும் கேட்டதில்லையாம், நல்லா இருக்காம் என்றான். அன்று சாயங்காலம் பூரா பிலோமினாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வலென்சியாவில் தூத்துக்குடி ராகம். தன்னுடைய ராகம்.

தன்னுடைய ராகம் என்ற இடத்தில் மனசு சின்னதாக ஒரு இடறு இடறியது. ஏன் என்று தெரியவில்லை. சார் கேள்வியை இன்னொரு தடவை கேட்டார், கொஞ்சம் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து. யோசித்துச் சொல், அவசரமில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். பிரம்மசக்தி தலையை ஆட்டினாள். புரிந்திருக்கிறது. புரியாமல் என்ன, அந்தக் கதையை அவள் தலைகீழாகச் சொல்லுவாள். ரொம்பச் சின்னக் கதை. மழை காணாத ஒரு ஸ்பெயின் கிராமத்தில் அக்கா தங்கச்சி இரண்டு பேர், அடுத்தடுத்த வீடு, நடு எல்லையில் அப்பன் வைத்துவிட்டுப் போன ஒரே ஒரு ஆலிவ் மரம். அப்பன் செத்ததும் சண்டை, பேச்சுவார்த்தை கிடையாது, அவரவர் முற்றத்தில் விழுகிற கிளையை அவரவர் பறித்துக்கொள்வார்கள். ஒரு வருஷம் தங்கச்சி காய்ச்சலில் படுத்துவிடுகிறாள். அக்கா விடியுமுன்னே எழுந்து தங்கச்சி பக்கத்துக் காயையும் பறித்து, கூடையை அவள் வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் போய்விடுகிறாள். மறுநாள் காலையில் அக்கா வாசலில் அந்தக் கூடை காலியாக இருக்கிறது. கதை அவ்வளவுதான். இதை நடத்தும்போதெல்லாம் பிலோமினாவுக்குக் கண் கலங்கிவிடும். அந்த அக்காவை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு கூடை பாசத்தை வைத்துவிட்டுப் போனாளே என்பாள் வகுப்பில். அப்புறம் வழக்கமான வீட்டுப்பாடம். எந்தக் கதை நடத்தினாலும் வீட்டில் போய் ஸ்பானிஷ் தெரியாத யாரிடமாவது தமிழில் சொல்லவேண்டும், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஸ்பானிஷில் எழுதிக்கொண்டு வரவேண்டும். இது பிலோமினாவே கண்டுபிடித்த வழி, அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. இந்தக் கதைக்கு ஊர் சொன்ன தீர்ப்புகளைக் கேட்டால் சிரித்து மாளாது. மொதல்ல மரத்தை வெட்டுங்க என்றது ஒரு தாத்தா. பட்டா யார் பேருல இருக்கு என்றது ஒரு சித்தப்பா. பிரம்மசக்தியின் அம்மா, தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிறவர், தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற, இவ யாரு அவ காயைப் பறிக்க என்று சொன்னாராம். வகுப்பில் அன்று அதற்குத்தான் பெரிய சிரிப்பு. பிரம்மசக்தி எழுதிக்கொண்டு வந்ததுதான் எப்போதும் நல்லதாக இருக்கும், அதனால் எப்போதும் அதைத்தான் வகுப்பில் வாசிப்பது.

வாசித்தது யார்? நான்தான். வாசி சக்தி என்று ஒரு தடவை சொல்லிப் பார்ப்பாள் பிலோமினா. அவள் எழுந்து நிற்பாள், தாளைப் பார்ப்பாள், மிஸ்ஸைப் பார்ப்பாள். அந்தப் பார்வையைப் பிலோமினாவால் தாங்க முடியாது. பாவம் பிள்ளை, கூச்சப்படுகிறாள், நாலு பேர் முன்னால் எதற்கு அவளைத் தவிக்கவிட வேண்டும், கொண்டாம்மா நான் வாசிக்கேன் என்று கையை நீட்டிவிடுவாள். மூன்று வருஷமாக அந்தப் பிள்ளையின் வார்த்தை எல்லாம் பிலோமினாவின் வாயால்தான் வெளியே வந்திருக்கிறது. ஏற்ற இறக்கத்தோடு எவ்வளவு அழகாக வாசிப்பாள். ஜெரால்டுக்கு ஒரு நாள் முதுகு பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போனபோது, எங்கே வலிக்குது சார் என்று டாக்டர் கேட்டார். இடுப்புக்கு மேல டாக்டர், ராத்திரியானா காலுக்கு இறங்குது என்றாள் பிலோமினா. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, வலி யாருக்கும்மா என்று கேட்டார். ஜெரால்டு, எனக்குத்தான் டாக்டர், ஆனா வலிக்குத இடம் அவளுக்குத்தான் தெரியும் என்றார். வீடு வருகிறவரைக்கும் ஆட்டோவில் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் அதைச் சாகிறவரைக்கும் சொல்லிக்காட்டுவார். நல்ல மனுஷன், சொல்லிக்காட்டினால் என்ன. மீன் வாங்கப் போனால், அடுத்தவள் மீனுக்கும் இவளே பேரம் பேசுவாள். அதெல்லாம் ஒரு குற்றமா, வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா சொல்லித்தானே வளர்த்தாள். வாயில்லாத பிள்ளை என்ன செய்யும்? மகள் ஜெனோவா என்ன செய்தாள்? அதை இப்போது எதற்கு நினைக்க வேண்டும். வேண்டாம். ஜன்னல் வழியாகத் துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று வந்தது, கரித்தூளும் உப்பும் கலந்த காற்று. மேசைமேல் கிடந்த மதிப்பெண் தாள் லேசாகத் தூக்கியது. சார் அதன்மேல் பேனாவை எடுத்து வைத்தார். பேனாவை வைத்தாரே, மூடியைக் கழற்றிவிட்டா வைத்தார், மூடியா வைத்தார்? மூடி திறந்திருந்தால் எழுதப் போகிறார் என்று அர்த்தம். பதில் இல்லை என்று எழுதிவிட்டால் முடிந்துபோயிற்று. மூடித்தான் இருந்தது.

ஆனால் நினைப்பு போன வழியில் போய்க்கொண்டேதான் இருந்தது, பிடித்து நிறுத்த அது என்ன ஆட்டோவா. ஜெனோவா மூன்று வயசுவரைக்கும் பேசவில்லை. இன்றைக்கு மதுரைக் கோர்ட்டில் அவள் பேச ஆரம்பித்தால் எதிர்க்கட்சி வக்கீல் தண்ணீர் குடிக்கப் போகிறான், அந்தப் பிள்ளைதான் அப்போது வாயைத் திறக்காமல் இருந்தது. பிலோமினா பனிமய மாதாவுக்கு நேர்ந்தாள், நாக்கில் தேன் தடவினாள், வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக டிக்கெட்கூட எடுத்தாள். மாமியார் ஒருத்தர்தான் அசையவில்லை. அது எதுக்குப் பேசணும், நீதான் அது கண்ணை அசைக்கும் முன்னாடி எல்லாத்தையும் கையில குடுத்துருதியே என்றார். மாமியார் சொன்னால் குத்தல் என்றுதானே எடுத்துக்கொள்ள முடியும், அந்த வயசில் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள், இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அந்தச் சமயம் பார்த்துத்தான் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கல்லூரியில் கத்தின கத்தில் குரல் சுத்தமாகப் போய்விட்டது, காற்றுதான் வந்தது. பேசவே கூடாது, ஒரு வாரம் மூச்சுக் காட்டாதீங்க என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை வந்து எதிரே நின்றது. தண்ணிச் செம்பைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. என்னடி தங்கம், தண்ணியா என்று கேட்க வாய் திறந்தாள், சத்தம் வரவில்லை. எழுந்திருக்கவும் தெம்பில்லை. பிள்ளை காத்திருந்தது. அம்மா வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது. அந்த வாயிலிருந்து ஒன்றும் வரப் போவதில்லை என்று தெரிந்த பிறகு, தண்ணி என்றது. தெளிவாக, பழகின பேச்சு மாதிரி, ம்மா தண்ணி என்றது. ஜெரால்டு அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். பிலோமினா அழுதாள், அழவும் சத்தம் வரவில்லை. சந்தோஷத்தில் அழுதாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், சந்தோஷம்தான் முக்கால்வாசி.

அம்மா வாயையே பார்த்துக்கொண்டு. அந்த இடத்தில் வந்து நினைப்பு சிக்கிக்கொண்டது, மேலே நகரவில்லை. பிலோமினா எதிரே பார்த்தாள். பிரம்மசக்தி சாரைப் பார்க்கவில்லை. கேள்வி கேட்டது அவர், பேனா அவர் பக்கம், ஆனாலும் அந்தப் பிள்ளை அவர் பக்கமே திரும்பவில்லை. கூரையைப் பார்த்து யோசிக்கவும் இல்லை, குனிந்து பயப்படவும் இல்லை. அவள் கண் இரண்டும் பிலோமினாவின் உதட்டில் இருந்தது. அட கடவுளே. இவள் பயந்து உட்கார்ந்திருக்கவில்லை. இவள் காத்துக்கொண்டிருக்கிறாள். நான் சொல்லுதேன், பின்னாலயே சொல்லுங்க. மூன்று வருஷமாக அதைத்தானே சொல்லிக்கொடுத்தது. மிஸ் முதலில் சொல்லவேண்டும், அப்புறம் கணீரென்று இவள் சொல்லவேண்டும். மிஸ் இன்னும் ஆரம்பிக்கவில்லை, அதனால் இவளும் ஆரம்பிக்கவில்லை. இதைவிட ஒழுங்கான பிள்ளை உண்டா. உடம்பில் எங்கேயோ ஒரு கதவு தடால் என்று சாத்தின மாதிரி இருந்தது. மற்றவர்கள் எல்லாம் எப்படித் தப்பித்தார்கள்? துணிச்சல்காரர்கள், வாய்த்துடுக்கு உள்ளவர்கள், இவள் சொல்வதைக் காதில் வாங்காமல் பின்பெஞ்சில் அரட்டை அடித்தவர்கள் தப்பித்துவிட்டார்கள். சொன்னதைச் சொன்னபடி கேட்ட ஒருத்திதான் மாட்டிக்கொண்டாள். ராகம் ராகம் என்று பீற்றிக்கொண்டோமே, அத்தனை வாயிலும் ஒரே வாய்தான் பாடிக்கொண்டிருந்ததா? அவ்வளவு தூரம் போகவேண்டாம், போஸ்கோ கிழவனிடம் அரட்டை அடித்தது அவன் சொந்த வாயால்தான். அதெல்லாம் ராத்திரி ஜெரால்டிடம் பேசிக்கொள்ளலாம், இப்போது இந்தப் பிள்ளை. இப்போது என்ன செய்வது? தன் உதடு தானாக ‘லா ம’ என்று குவிந்திருப்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. சத்தம் போடாமல் உதட்டாலேயே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிரம்மசக்தியின் உதடும் அங்கே லேசாகக் குவிந்தது. சார் பார்த்தால் இரண்டு பேருக்கும் கதை கந்தல்.

எழுந்து வெளியே போய்விடலாமா? முடியாது, தேர்வு முடியும்வரை இரண்டு தேர்வாளரும் அறையில் இருந்தாகவேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டால்? கோபமென்று நினைத்துக் குழந்தை உடைந்துபோவாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டால் அழுகிறாள் என்று சார் தண்ணீர் கொடுப்பார். வாயை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்னதான் செய்வாள்? தவளை தன் வாயால் கெடும், சரி, தவளை கெட்டால் தொலையட்டும், குட்டி ஏன் கெடவேண்டும்? கண் மேசையில் அலைந்தது. பேனா, தாள், தண்ணீர்ப் பாட்டில், தட்டு. தட்டில் மக்ரூன். அதை வெளித்தேர்வாளருக்கென்று வைத்தால் உள்ளூர்க்காரர் தொடக்கூடாது, அதுவும் எழுதாத சட்டம்தான், சட்டம் கிடக்கட்டும். கையை நீட்டி இருப்பதிலேயே பெரிதாக ஒன்றை எடுத்தாள். மன்னிக்கணும் சார் என்று கண்ணாலேயே சொல்லிவிட்டு, கடிக்காமல், முழுசாக, அப்படியே வாய்க்குள் வைத்து அடைத்துக்கொண்டாள். சார் புருவத்தைத் தூக்கினார். ஒரு பேராசிரியை நடுத் தேர்வில் இப்படிச் செய்து அவர் பார்த்திருக்க மாட்டார். பார்க்கட்டும். கன்னம் இரண்டும் உப்பியது, கூம்பின் நுனி அண்ணத்தில் குத்தியது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். இனி ‘லா’வும் கிடையாது ‘மயோரு’ம் கிடையாது. வாய் நிறையச் சீனியும் முந்திரியும்தான். கண்ணை மட்டும் பிரம்மசக்தியிடமிருந்து எடுக்கவில்லை. கோபம் இல்லடி, இங்கேதான் இருக்கேன், ஆனா கடை மூடியாச்சு, பாத்துக்கோ.

பிரம்மசக்தி திகைத்துப்போய்ப் பார்த்தாள். மிஸ் உதடு மூடியிருந்தது. கன்னம் ஒரு பக்கமாக மெல்ல அசைந்தது. மக்ரூன் கரையத் தொடங்கிவிட்டது. அதுதான் அதன் குணம், கடிக்கவே வேண்டாம், எச்சில் பட்டால் போதும். கரைந்து முடிந்தால் வாய் காலியாகிவிடும், காலியானால் அந்த வாயை நம்ப முடியாது என்று அந்த வாய்க்குச் சொந்தக்காரிக்கே தெரியும். மெதுவாக, மெதுவாக, நாக்கை அசைக்காமல் பிடித்துக்கொண்டாள். சின்ன வயசில் நற்கருணையைப் பல்லில் படாமல் வைத்திருக்கச் சொல்லித் தந்த மாதிரி. நல்ல முந்திரி போட்டிருக்கிறான், இவ்வளவு கலவரத்திலும் அது தெரிந்தது. இவ்வளவு கலவரத்திலும், விந்தை, மனசுக்குள் ஒரு ஓரத்தில் சந்தோஷமாகவே இருந்தது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இப்படி ஒரு இடம் இருக்கிறதா, இத்தனை வருஷமாக இதற்குள் வந்து உட்கார்ந்ததே இல்லையே. காற்று வருகிறது, விசிறி முனகுகிறது, எங்கேயோ கப்பல் ஊதுகிறது, எதிரே ஒரு பிள்ளை உட்கார்ந்து தனக்குள்ளே எதையோ தேடிக்கொண்டிருக்கிறாள். அவள் கண் பிலோமினாவின் உதட்டை விட்டு இறங்கியது. கைக்குட்டைக்குப் போனது. ஜன்னலுக்குப் போனது. அப்புறம் முதல் தடவையாக ரகோத்தமன் சாரிடம் போய் நின்றது.

“எங்க மிஸ்,” என்றாள் ஸ்பானிஷில். குரல் கீச்சென்று வந்தது. கனைத்துக்கொண்டாள். “எங்க மிஸ் மூத்தவள் பக்கம். அவளுக்குப் பாசம் அதிகம் என்று சொல்வார்கள். எங்க அம்மா மூத்தவளைத் திட்டினாள். ஆனால் நான்.” அங்கே நின்றுவிட்டாள். பெரோ யோ. ஆனால் நான். வகுப்பில் எத்தனையோ ஆயிரம் வாக்கியம் சொல்லவைத்திருக்கிறாள் பிலோமினா, இந்த இரண்டு வார்த்தையை எவரையும் சொல்லவைத்ததாக ஞாபகமில்லை. வாயில் பாதி மக்ரூன் பாக்கி இருந்தது. தாங்குடா, இன்னும் கொஞ்ச நேரம் தாங்கு. “ஆனால் நான் இளையவள் பக்கம்,” என்றாள் பிரம்மசக்தி. “மூத்தவள் நல்லவள்தான். ஆனால் பறிக்கட்டுமா என்று அவள் கேட்கவில்லை. எல்லாவற்றையும் அவளே செய்துவிட்டாள். தங்கச்சிக்கு வேண்டும் என்று சொல்லவும் இடமில்லை, வேண்டாம் என்று சொல்லவும் இடமில்லை. அதனால்தான் காலிக்கூடையைத் திருப்பி வைத்தாள். அது நன்றி இல்லை. அது அவள் பேச்சு. அவளிடம் இருந்தது அந்தக் கூடைதான்.” மூச்சு வாங்கினாள். “மூத்தவள் கதவைத் தட்டியிருக்கலாம். தட்டிவிட்டு, கொஞ்சம் காத்திருந்திருக்கலாம்.”

பாதிக்கு மேல் தப்பில்லாத ஸ்பானிஷ். நடுவில் இரண்டு இடத்தில் தடுக்கினாள், அந்தத் தடுக்கல் பிலோமினா சொல்லிக்கொடுத்த தடுக்கல் இல்லை, அவள் சொந்தமாகத் தடுக்கிக்கொண்டது. இத்தனை வருஷமாக அந்தக் கதையை நடத்துகிறாள், மூத்தவளுக்காக எத்தனை வகுப்பில் கண்ணைத் துடைத்திருக்கிறாள், அந்தக் காலிக்கூடையை ஒரு நாளும் தங்கச்சியின் பேச்சென்று கேட்டதில்லை. வலித்தது. சுள்ளென்று நெஞ்சில் பட்டது. பட்ட இடம் முழுக்க இனித்தது, அது மக்ரூனா வேறா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு அப்போது இஷ்டமில்லை. ஜெனோவாவை ராத்திரி போனில் கூப்பிடவேண்டும், கூப்பிட்டுவிட்டு அவளைப் பேசவிடவேண்டும். ரகோத்தமன் சார் பேனா மூடியைக் கழற்றித் தாளில் ஏதோ எழுதினார், எழுதும்போது சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு பிலோமினா பக்கம் திரும்பினார்.

“மேடம் என்ன சொல்றீங்க? உங்க மாணவி உங்க கட்சியில இல்லை போலிருக்கே.”

பதில் வந்தது. ஓடிவந்தது. அழகான பதில், நீளமான பதில், நாக்கு நுனியில் வந்து நின்றுகொண்டு வழிவிடு வழிவிடு என்றது. வாயிலும் இப்போது தடையில்லை, கடைசித் துளிச் சீனியும் கரைந்து போயிருந்தது. பிலோமினா தலையை இடமும் வலமுமாக ஆட்டி, அவளையே கேளுங்கள் என்று எதிரே கையைக் காட்டினாள். சார் திரும்பி அடுத்த கேள்வியைக் கேட்டார். பிரம்மசக்தி அவர் முகத்தைப் பார்த்தபடி யோசிக்க ஆரம்பித்தாள். பிலோமினா தட்டிலிருந்து இன்னொரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.